இரும்பில் எழுதிய எழுத்து

திருவொற்றியூருக்கு நோட்டுப் புத்தகமும் கையுமாக வருவோர் இருவகையினர். ஒரு வகையினர், ஆதிபுரீசுவரர் திருக்கோயிலின் சுவர்களில் சோழமன்னர் காலத்தே வெட்டப்பெற்ற சாசனங்களைப் படிக்க வருபவர். மற்றொரு வகையினர், அவ்வூர் நெடுஞ்சாலையிலிருந்த என்பீல்டு தொழிற்சாலையிற் செய்யப்பெற்ற பழைய புல்லெட் மோட்டார் சைக்கிள்களைத் தேடி வருபவர். முன்னவர் கல்லைத் தடவிப் பார்க்கின்றனர். பின்னவர் இரும்பைத் தடவிப் பார்க்கின்றனர். இவ்விருவருக்கும் யாதொரு தொடர்புமில்லை என்று நினைப்பது இயல்பே. ஆயினும் சற்று ஊன்றி நோக்குவோமாயின், இருவரும் பயில்வது ஒரே கலைதான் என்பது புலனாகும். எழுதியவர் இன்னார், எழுதிய காலம் இன்னது, பின்வந்தவர் கை எங்கேனும் பட்டதோ என்பதனை ஆராய்ந்து துணிவதே அக்கலையாம்.

பழம்பொருள் சேர்ப்போர் துப்பாக்கிகளையும் இயந்திரங்களையும் மாதிரி, வரிசை எண், முத்திரை இவற்றைக்கொண்டு எங்ஙனம் அடையாளங் காண்கின்றனர் என்பதை நம் கல்லூரி அன்பர்களுக்கு ஒருவாறு விளக்குதலே இக்கட்டுரையின் நோக்கம்.

1. கல்வெட்டுக் கற்பிக்கும் பாடம்

சோழர் சாசனங்கள் பலவற்றில் அரசன் இயற்பெயர் காணப்பெறாது. ‘கோப்பரகேசரி’ என்றோ ‘கோஇராசகேசரி’ என்றோ பட்டப்பெயரும், இத்தனையாவது ஆட்சியாண்டு என்ற எண்ணுமே இருக்கும். பரகேசரி, இராசகேசரி என்னும் இரு பட்டங்களையும் சோழர் ஒருவர்பின் ஒருவராக மாறிமாறிச் சூடி வந்தனர். ஆதலின் ‘பரகேசரியின் ஐந்தாவது ஆண்டு’ என்ற அளவில் எந்தச் சோழன் என்று துணிதல் இயலாது. எழுத்தின் வடிவம், மெய்க்கீர்த்தி, குறிக்கப்பெற்ற அதிகாரிகளின் பெயர், கல் அமைந்த இடம் ஆகிய யாவற்றையும் ஒப்புநோக்கிய பின்னரே அறிஞர் முடிவு கூறுவர். திருப்பணி செய்தபொழுது கற்கள் பெயர்க்கப்பெற்று இடம்மாறி வைக்கப்பட்டிருத்தலுங் கூடும். அதனையும் அவர்கள் கருத்திற் கொள்வர்.

இதனால் நாம் அறிவதென்ன? எண் ஒரு சாட்சி, ஆனால் தனிச்சாட்சி. அதன் சொல்லை உடம்பின் சாட்சியோடு ஒத்திட்டுப் பார்த்தாலன்றி வழக்குத் தீராது. இவ்வொரு விதியை மறவாதவர் துப்பாக்கியையும் படிப்பர், புல்லெட்டையும் படிப்பர்.

2. என்பீல்டு என்னும் பெயர்

திருவொற்றியூரில் மோட்டார் சைக்கிளைப் பற்றிப் பேசப் புகுந்தவன் துப்பாக்கியைப் பற்றிப் பேசுவானேன் என்று சிலர் வினவலாம். விடை அவ்வண்டியின் பெயரிலேயே இருக்கின்றது. இங்கிலாந்தில் மிடில்செக்ஸ் பகுதியில் என்பீல்டு என்பதோர் ஊர். அங்கே லீ ஆற்றங்கரையில் 1816-ம் ஆண்டில் அரசாங்கத்தார் துப்பாக்கித் தொழிற்சாலை ஒன்றை நிறுவினர். பின்னர், ரெட்டிச் என்னும் மற்றோர் ஊரில் மிதிவண்டி செய்துவந்த கம்பெனியார், 1893-ம் ஆண்டளவில் அத்துப்பாக்கித் தொழிற்சாலைக்கு நுண்ணிய உறுப்புக்கள் செய்து கொடுக்கும் ஒப்பந்தத்தைப் பெற்றனர். அப்பெருமையைக் குறிப்பதற்கே தம் மிதிவண்டிக்கு ‘ராயல் என்பீல்டு’ எனப் பெயரிட்டனர். பீரங்கிச் சின்னமும், துப்பாக்கியைப்போற் செய்யப்பட்டது என்னும் பொருளுடைய விளம்பர வாசகமும் அவ்வழி வந்தனவே. அவர்களுடைய முதல் மோட்டார் சைக்கிள் 1901-ம் ஆண்டில் வெளிவந்தது.

‘துப்பாக்கியைப்போல்’ என்பது வெறும் ஆரவாரச் சொல்லன்று. 19-ம் நூற்றாண்டின் நடுப்பகுதிவரை ஒரு துப்பாக்கியின் உறுப்பு மற்றொரு துப்பாக்கிக்குப் பொருந்துவதில்லை. ஒவ்வொன்றையும் கொல்லர் அரத்தால் அராவிப் பொருத்தவேண்டும். 1850-க்குப் பின் என்பீல்டு தொழிற்சாலையார் அமெரிக்காவிலிருந்து புதிய இயந்திரங்களை வரவழைத்து, 1853-ம் ஆண்டு மாதிரி ரைபிளின் உறுப்புக்கள் எதனையும் எதனோடும் மாற்றிப் பொருத்தும் வண்ணம் செய்யத் தொடங்கினர். எல்லாம் ஒன்றுபோல் இருக்கும்பொழுது இது எது, அது எது என்று பிரித்தறிய வேண்டுமன்றோ? ஆகவே, உருவங்கள் ஒன்றான காலத்தில் எண்ணுக்குப் பெருமதிப்பு உண்டாயிற்று.

3. கம்பெனியார் துப்பாக்கி: இதயமும் சிங்கமும்

எண்ணைக்கொண்டு அடையாளங் காணும் முறைக்கு முற்பட்டது முத்திரையைக்கொண்டு அடையாளங் காணும் முறை. அதற்குரிய சான்றுகளைக் காண நாம் நெடுந்தூரம் செல்லவேண்டுவதில்லை. இராயபுரத்திலிருந்து கடற்கரையோரமாகத் தெற்கே நடந்தால் புனித ஜார்ஜ் கோட்டையை அடையலாம். அங்குள்ள அரும்பொருட்சாலை 1948-ம் ஆண்டு முதல் நடைபெற்று வருவது. படைக்கலங்கள் பல அதன்கண் உள்ளன. எழும்பூர் அரசாங்க அரும்பொருட்சாலையிலும் தஞ்சை அரண்மனையிலிருந்தும் கோட்டை ஆயுதசாலையிலிருந்தும் வந்த படைக்கலங்களைக் காணலாம்.

கிழக்கிந்தியக் கம்பெனிச் சிப்பாய்கள் ஏந்திய சக்கிமுக்கித் துப்பாக்கியை ‘இந்திய மாதிரி’ என்று வழங்குவர். இதன் குழல் நீளம் 39 அங்குலம். அதற்கு முன் இங்கிலாந்துப் படையில் வழங்கிய குறுமாதிரியின் குழலோ 42 அங்குலம். பிரான்சோடு நேர்ந்த போரில் ஆயுதத் தட்டுப்பாடு ஏற்படவே, 1790-களில் இங்கிலாந்து அரசாங்கத்தாரும் கம்பெனியின் மாதிரியையே மேற்கொண்டனர். ஆகவே குழலை அளந்த மாத்திரத்தில் முதற்பிரிவு தெளியலாம்.

அடுத்து நோக்கவேண்டுவது விசைத்தகடு. கம்பெனிக்கெனச் செய்யப்பட்ட பழைய துப்பாக்கிகளில், நான்காகப் பகுக்கப்பெற்ற இதய வடிவினுள் கம்பெனியின் முதலெழுத்துக்கள் அமைந்த முத்திரையைக் காணலாம். செய்தவர் பெயரும் ஆண்டும் உடனிருப்பதுண்டு. 1808-ம் ஆண்டு முதல் இதயம் நீங்கிற்று. கிரீடந் தாங்கி எழுந்து நிற்குஞ் சிங்கம் அதனிடத்தைப் பெற்றது. மேலும் நெருப்புக்கல்லைக் கவ்வி நிற்கும் சுத்தியின் கழுத்து, முன்னே அன்னத்தின் கழுத்தைப்போல் வளைந்து மெலிந்திருந்தது. அஃது எளிதில் முறிந்தமையால், 1809-ம் ஆண்டளவில் நடுவே துளையுடைய தடித்த கழுத்தாக மாற்றப்பட்டது.

இனி, இதய முத்திரையும் 1793 என்ற ஆண்டும் பொறித்த தகட்டின்மேல் துளையுடைய தடித்த கழுத்தினையுடைய சுத்தி அமைந்திருப்பின் யாது கூறுவது? போலி என்று உடனே தள்ளிவிடுதல் கூடாது. பழைய சுத்தி முறிந்தபின் ஆயுதசாலைக் கொல்லர் புதிய சுத்தியை இட்டிருக்கலாம். தகடு பிறந்த ஆண்டைச் சொல்கின்றது. சுத்தி பட்ட பாட்டைச் சொல்கின்றது. இரண்டும் மெய்யே. மாற்றம் குற்றமன்று, மாற்றத்தை மறைத்தலே குற்றம்.

4. ஈசாப்பூர் ரைபிள்: எண்ணின் இலக்கணம்

நம் நாட்டில் பொதுமக்கள் ‘த்ரீ நாட் த்ரீ’ என்று வழங்கும் ரைபிளே லீ-என்பீல்டு குடும்பத்தைச் சேர்ந்தது. போலீசார் கையில் நெடுங்காலம் இருந்தமையால் இதனைக் காணாதவர் அரியர். இங்கிலாந்திலும் ஆஸ்திரேலியாவில் லித்கோவிலும், வங்காளத்தில் கல்கத்தாவுக்கு வடக்கே ஹூக்ளி நதிக்கரையிலுள்ள ஈசாப்பூரிலும் இது செய்யப்பட்டது.

இதன் கழுத்தைச் சூழ்ந்த பட்டையில், முடியரசுக் காலத்தில், கிரீடம், அரசரைக் குறிக்கும் எழுத்துக்கள், ஈசாப்பூர் என்னும் பெயர், ஆண்டு, மாதிரியின் பெயர் ஆகியன மேலிருந்து கீழாக முறையே பொறிக்கப்பட்டிருக்கும். இந்தியா குடியரசான பின்னர் கிரீடம் மறைந்து அசோகச் சிங்கம் தோன்றிற்று. ஈசாப்பூர் ரைபிள் தொழிற்சாலையைக் குறிக்கும் ‘ஆர்.எஃப்.ஐ.’ என்ற எழுத்துக்களும் வழக்கில் வந்தன. ஆட்சி மாறியதைச் சரித்திர நூலில் படிப்பது ஒன்று. துப்பாக்கியின் கழுத்தில் விரலால் தடவி அறிவது மற்றொன்று.

மாதிரிகளின் வேறுபாடும் இங்ஙனமே. 1907-ம் ஆண்டின் மூன்றாம் மாதிரியில் நெடுந்தொலைவுக்குரிய பக்கக் குறிகளும், பின்குறியை இடம் வலமாகத் திருப்பும் அமைப்பும் இருந்தன. முதல் உலகப்போரில் விரைவாகச் செய்யவேண்டி நேர்ந்தபொழுது அவற்றை நீக்கினர். அங்ஙனம் நீக்கியதனைக் காட்ட மாதிரியின் பெயர்க்குப்பின் ஒரு நட்சத்திரம் சேர்த்தனர். 1960-களில் ஈசாப்பூரார் அதே உருவில் 7.62 மில்லிமீட்டர் தோட்டாவுக்கு ஏற்ற ‘2ஏ’ என்னும் ரைபிளையும், பின்னர் ‘2ஏ1’ என்பதனையும் செய்தனர். இவற்றைப் பழைய ரைபிள் என்று மயங்குவார் பலர். தோட்டாப்பெட்டி சதுரமாக நிமிர்ந்து நிற்பின் அது புதியது. 2ஏ மாதிரியின் பின்குறி 2,000 கஜம்வரை அளவிடப்பட்டது. 2ஏ1 மாதிரியிலோ 800 மீட்டர். நாடு கஜத்தை விட்டு மீட்டரைக் கைக்கொண்டதற்கு அக்குறியே சாட்சி. இதனை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். திருவொற்றியூரிலும் இதனைக் காண்போம்.

இனி வரிசை எண்ணுக்கு வருவோம். இவ்வகை ரைபிள்களில் எண் பெரும்பாலும் நான்கிலக்க அளவில் நின்று, 9999 முடிந்ததும் முன்னே ஓர் எழுத்தேற்று மீண்டும் தொடங்கும். ஆதலின் ஒரே எண் பல தொழிற்சாலைகளில், பல ஆண்டுகளில், பல எழுத்துக்களின் கீழ் வருதல் கூடும். ‘என் துப்பாக்கியின் எண் 4127, இஃது எவ்வாண்டினது?’ என்று வினவுபவன், ‘ஐந்தாவது ஆட்சியாண்டு’ என்று மட்டும் சொல்லி அரசன் பெயரை வினவுபவனை ஒப்பான். தொழிற்சாலை, ஆண்டு, முன்னெழுத்து, எண் இந்நான்கும் கூடியதே ஒரு துப்பாக்கியின் முழுப்பெயராகும்.

அவ்வெண் ஓரிடத்தில் மட்டும் இராது. உடற்பகுதியிலும், போல்ட் என்னும் தாழின் கைப்பிடி அடியிலும், மூக்குத் தொப்பியிலும், பின்குறியின் இலையிலும் பொறித்திருப்பர். தாழும் உடலும் ஒரே எண்ணுடையனவாக இருத்தல் சேர்ப்போர்க்கு மதிப்பு. சுடுவோர்க்கோ அஃது உயிர்க்காப்பு. தாழின் முகம் அந்தந்த உடலுக்கு ஏற்ப அளவு பார்த்துப் பொருத்தப்படுவதாகலின், அயல் தாழை இட்ட துப்பாக்கி வெடிக்கும்பொழுது கேடு விளைக்கலாம். ‘எஃப்.டி.ஆர்.’ என்ற எழுத்துக்களும் ஓர் ஆண்டும் இருப்பின், அவ்வாண்டில் தொழிற்சாலையில் முற்றும் பழுதுபார்க்கப்பட்டது என்பது கருத்து. அதனைப் பிறந்த ஆண்டென்று கொள்ளலாகாது. ‘டி.பி.’ என்ற எழுத்துக்கள் இருப்பின், அது பயிற்சி நடைக்கு மட்டும் உரியது, சுடுதற்குத் தகாதது. என்.சி.சி. அணிவகுப்பில் தோளில் துப்பாக்கி சுமக்கும் நம் மாணவர் இவ்விரண்டு எழுத்துக்களின் பொருளையேனும் அறிந்திருத்தல் நன்று.

5. திருவொற்றியூர்ப் புல்லெட்

இப்போது நம் ஊருக்குத் திரும்புவோம். 1955-ம் ஆண்டில் ரெட்டிச் கம்பெனியாரும் சென்னையிலிருந்த மெட்ராஸ் மோட்டார்ஸ் நிறுவனத்தாரும் கூடி ‘என்பீல்டு இந்தியா’ கம்பெனியைத் தோற்றுவித்தனர். திருவொற்றியூரில் தொழிற்சாலை எழுந்தது. முதலில் உறுப்புக்கள் பெட்டி பெட்டியாக இங்கிலாந்திலிருந்து கப்பலேறி வந்தன; இங்கே பொருத்தப்பட்டன. 1956-ம் ஆண்டு முடிவதற்குள் பொருத்தப்பட்டவை 163 வண்டிகளே. 1957-ல் உறுப்புக்களைச் செய்தற்குரிய கருவிகளும் இங்கு வந்து சேர்ந்தன. 1962-ம் ஆண்டிற்குள் எல்லா உறுப்புக்களும் இந்நாட்டிலேயே செய்யப்படலாயின. ரெட்டிச் தொழிற்சாலை 1967-ல் மூடப்பட்டது. ஆங்கிலநாட்டு என்பீல்டு 1970-ல் அடியோடு மறைந்தது. 1977-ல் திருவொற்றியூர்ப் புல்லெட் இங்கிலாந்துக்கே ஏற்றுமதியாயிற்று. தாய்வீட்டில் விளக்கு அணைந்தபின் மகள்வீட்டு விளக்கு அங்கே ஒளி கொடுத்தது எனலாம்.

இவ்வரலாற்றினால் அடையாளங் காண்போர்க்கு ஓர் இடர் நேர்ந்தது. இங்கிலாந்தில் ஆண்டுதோறும் மாதிரி மாறிற்று. திருவொற்றியூரிலோ 1955-ம் ஆண்டு மாதிரியே அடிப்படையாக நின்று ஏறக்குறைய அரை நூற்றாண்டு தொடர்ந்தது. 70 மில்லிமீட்டர் விட்டமும் 90 மில்லிமீட்டர் வீச்சும் உடைய அதே 346 சி.சி. என்ஜின், பின்னால் தனியே பூட்டிய அதே நான்கு கியர்ப் பெட்டி, முகவிளக்கையும் வேகமானியையும் ஒருசேரப் போர்த்து இருபுறமும் சிறுவிளக்குத் தாங்கிய அதே தலைக்கூடு. தொலைவிலிருந்து நோக்குவார்க்கு 1960-ம் ஆண்டு வண்டியும் 1990-ம் ஆண்டு வண்டியும் இரட்டைப் பிள்ளைகளே. ஆகவே நுணுகி நோக்கவேண்டும்.

முதலாவது, பெட்ரோல் தொட்டியின் பெயர். என்பீல்டு இந்தியாவின் காலத்தில் நெடுங்காலம் ‘என்பீல்டு’ என்ற பெயரே விளங்கிற்று. 1994-ல் ஐஷர் குழுமத்தார் கம்பெனியை ஏற்ற பின்னரே ‘ராயல் என்பீல்டு’ என்ற முழுப்பெயர் இங்கே நிலைத்தது. ஆயினும் தொட்டி மாற்றுதற்கு எளிது. ஆகவே இது வலிமை குன்றிய சாட்சி.

இரண்டாவது, வேகமானி. முற்பட்ட வண்டிகளில் அது மைலைக் காட்டும், பிற்பட்டவற்றில் கிலோமீட்டரை. எடை அளவுச் சட்டம் 1956-ல் நிறைவேறிப் படிப்படியாக நடைமுறைக்கு வந்ததன் சுவடு இது. ஈசாப்பூரில் கஜம் மீட்டரானதும் திருவொற்றியூரில் மைல் கிலோமீட்டரானதும் ஒரே சட்டத்தின் இரு நிழல்கள்.

மூன்றாவது, மின்சார அமைப்பு. பழையவற்றில் ஆறு வோல்ட்டு. பின்னவற்றில் பன்னிரண்டு வோல்ட்டு. நான்காவது, முன்சக்கரத்துத் தடை. பழைய டிரம் சிறியது, பின்னர் இரு லைனிங் கட்டைகளும் முன்னோக்கி அழுத்தும் ஏழு அங்குல டிரம், அதன்பின் டிஸ்க். ஐந்தாவது, கியர் மிதி. பழைய புல்லெட்டில் கியர் வலக்காலிலும் பிரேக் இடக்காலிலும் இருக்கும். 2000-க்குப் பின்னரே இடக்கால் கியர் வந்தது. ஆறாவது, என்ஜினே. ஆஸ்திரியாவின் ஏவிஎல் நிறுவனத்தார் துணையால் அமைந்த அலுமினிய என்ஜின் 2000-ம் ஆண்டையொட்டி வந்தது. என்ஜினும் கியர்ப்பெட்டியும் ஒரே கூட்டினுள் அடங்கிய புது என்ஜின் அதன்பின் வந்தது. 2010-ம் ஆண்டளவில் பழைய வார்ப்பிரும்பு என்ஜின் விடைபெற்றது.

இவற்றை அறிந்தபின் எண்ணை நோக்குக. என்ஜின் எண் சிலிண்டருக்கு அடியில் கிராங்க் கேஸின்மேல் இருக்கும். சேசிஸ் எண் கைப்பிடி திரும்பும் கழுத்துக் குழாயருகே இருக்கும். இவ்விரண்டும் ஒரே எண்ணாக இருத்தல் வேண்டுமென்ற நியதி இல்லை, இவ்விரண்டையும் ஆர்.சி. புத்தகம் ஒருங்கே சொல்லுகின்றதா என்பதே கேள்வி. பிற்கால வண்டிகளில் உலகப்பொது முறைப்படி 17 எழுத்தும் எண்ணும் கலந்த நீண்ட அடையாளம் உண்டு. அதன் முதன்மூன்று இடங்கள் செய்தவரைக் காட்டும், ‘எம்.இ.3’ என்பது ராயல் என்பீல்டுக்கு உரியது. பத்தாமிடம் ஆண்டைக் காட்டும். ஆங்கில எழுத்துக்களில் ஐ, ஓ, க்யூ ஆகிய மூன்றும் அதில் வாரா. ஒன்று, பூஜ்யம் இவற்றோடு மயங்குமென்பது கருதியே விலக்கினர். ஆகவே அவ்வரிசையில் ஓர் ‘ஓ’ காணப்படின், படித்தவர் பிழை செய்தார். அன்றேல் பொறித்தவர் பொய் செய்தார்.

6. எண் பொருந்திற்று, வண்டி பொருந்தவில்லை

இவ்விடத்து என் நண்பர் ஒருவர்க்கு நேர்ந்ததைக் கூறுதல் பொருத்தமாகும். அவர் இராயபுரத்தவர். அவருடைய தந்தையார் துறைமுகத்தில் வேலை பார்த்தவர். 1960-க்கு முன் ஒரு புல்லெட் வாங்கிப் பல ஆண்டு ஓட்டி, குடும்பத்துக்கு வந்த ஒரு நெருக்கடியில் விற்றுவிட்டார். தந்தையார் காலமான பின், பெட்டியினடியில் அவ்வண்டியின் பழைய பதிவுத்தாள் கிடைத்தது. என்ஜின் எண்ணும் சேசிஸ் எண்ணும் அதில் தெளிவாக இருந்தன. நண்பர்க்கு ஆசை பிறந்தது. பழைய வண்டி வாங்கி விற்பார் எவரைக் கண்டாலும் எண்ணைச் சொல்லி விசாரிக்கலானார்.

எட்டு மாதங்கழித்து ஒரு வியாபாரி ஆள் அனுப்பினார். வண்டி கிடைத்துவிட்டதென்றார், விலை வழக்கத்தினும் மும்மடங்கு. நண்பர் என்னையும், திருவொற்றியூரில் நாற்பதாண்டு புல்லெட் பழுதுபார்த்த பெரியவர் ஒருவரையும் அழைத்துச் சென்றார். கிராங்க் கேஸைத் துடைத்துப் பார்த்தோம். எண் அப்படியே இருந்தது! நண்பர் கண்கலங்கி இருக்கையின்மேல் கைவைத்து நின்றார்.

பெரியவர் மட்டும் உட்கார்ந்தபடியே மெல்லச் சொன்னார்: “தம்பி, நம்பரை அப்புறம் பாருங்கள். முதலில் வண்டியைப் பாருங்கள்.”

பன்னிரண்டு வோல்ட்டு அமைப்பு இருந்தது. ஏழு அங்குல முன்டிரம் இருந்தது. “இவை மாறியிருக்கலாம். அறுபது வருஷத்தில் எவரும் மாற்றுவார்; இதற்காக நான் குறை சொல்லமாட்டேன்” என்றார். பின்னர் டார்ச்சு விளக்கைச் சாய்த்துப் பிடித்து எண்ணிருந்த இடத்தைக் காட்டினார். கிராங்க் கேஸ் முழுதும் வார்ப்பின் தோல் மணல்போற் சொரசொரப்பாக இருக்க, எண்ணைச் சூழ்ந்த இடம் மட்டும் வழவழப்பாகச் சற்றே தாழ்ந்து கிடந்தது. குறுக்கே மெல்லிய அரக்கோடுகள் ஓடின. இலக்கங்கள் ஒன்றுக்கொன்று ஏறியும் இறங்கியும் நின்றன. சேசிஸ் எண் இருக்கவேண்டிய இடத்திலோ புதிய வண்ணம் தடிப்பாகப் பூசப்பட்டிருந்தது. சுரண்டிப் பார்க்க வியாபாரி ஒப்பவில்லை.

“எண் உங்கள் அப்பாவுடையதுதான். வண்டி வேறொருவர் அப்பாவுடையது” என்று கூறிப் பெரியவர் எழுந்தார். வேறொருவர் என்றது எவரையோ? களவு போன வண்டிக்கு உரியவராகவும் இருக்கலாம். நண்பர் எண்ணை ஊரெங்கும் சொன்னதே மோசக்காரனுக்கு அச்சாயிற்று. வாங்காமல் திரும்பினோம். இராயபுரம் வரும்வரை நண்பர் ஒருசொல்லும் பேசவில்லை. பதிவுத்தாளைக் கண்ணாடிச் சட்டமிட்டுத் தந்தையார் படத்தினருகே இன்றும் வைத்திருக்கின்றார்.

இந்நிகழ்ச்சியிற் கெட்டது பணம் அன்று, பணம் தப்பியது. ஓர் உண்மையான கிராங்க் கேஸின் மேலிருந்த உண்மையான எண் அழிந்தது. அது எந்த ஆண்டில், எத்தொழிலாளர் கையால் உருவானது, எவர் வீட்டு வாயிலில் நின்றது என்பதை இனி எவராலும் சொல்ல முடியாது. கோயிற் கல்லைப் பெயர்த்துத் துவைக்கும் கல்லாக்குபவனுக்கும் இவனுக்கும் என்ன வேறுபாடு?

7. சட்டமும் சேர்ப்போர் ஒழுக்கமும்

துப்பாக்கி விஷயத்தில் சட்டம் மிகக் கண்டிப்பானது. 1959-ம் ஆண்டின் ஆயுதச் சட்டம், துப்பாக்கியின் பெயரையும் எண்ணையும் அடையாளக் குறியையும் அழிப்பதையும் மாற்றுவதையும் பொய்யாகப் பொறிப்பதையும் தன் 8-ம் பிரிவால் விலக்கியுள்ளது. பழுதுபார்த்தும் சுட இயலாத பழம்பொருட் படைக்கலங்களுக்குச் சில விலக்குகள் உண்டு. எனினும் ஒரு துப்பாக்கி அவ்வகையைச் சேர்ந்ததா என்று தீர்மானிப்பது சேர்ப்போன் வேலையன்று. பாட்டனார் வீட்டுப் பரணில் பழந்துப்பாக்கி கிடைப்பின், கையால் இயக்கிப் பாராமல் அதிகாரிகளுக்கு அறிவித்தலே முறை. நூறாண்டு கடந்தது 1972-ம் ஆண்டின் தொல்பொருட் சட்டத்துக்கும் உட்படும்; அரசாங்க அனுமதியின்றி நாட்டைவிட்டுச் செல்லலாகாது. மாணவர்க்கு அரும்பொருட்சாலையே தக்க ஆயுதசாலை.

மோட்டார் சைக்கிளுக்கோ, 2021-ம் ஆண்டில் மத்திய மோட்டார் வாகன விதிகளில் புதியதொரு வழி ஏற்பட்டது. முதற்பதிவிலிருந்து 50 ஆண்டு கடந்து, சேசிசும் உடலும் என்ஜினும் பெரிதும் மாறாத வண்டியைப் பழமைச் சிறப்புடையதாகப் பதிவு செய்து, ‘வி.ஏ.’ என்னும் எழுத்துக்கள் அமைந்த தனி எண்பலகை பெறலாம். ஆகவே எண்ணின் மெய்ம்மை இப்போது விருப்பத்தளவில் நில்லாது சட்டத்தளவிலும் மதிப்புப் பெற்றுவிட்டது.

இக்கலையைப் பயில விரும்புவோர் பின்வருவனவற்றைக் கடைப்பிடித்தல் நலம்:

(1) முதலில் உடம்பைப் பார். பின்னர் எண்ணைப் பார். எண்ணை முதலிற் கண்டால் மனம் அதற்கேற்ற சான்றையே தேடும்.

(2) எண்ணிருக்கும் இடத்தை அரத்தாலும் உப்புத்தாளாலும் தேய்க்காதே. மண்ணெண்ணெயும் மெல்லிய துணியும் போதும்.

(3) கல்வெட்டுக்கு மைப்படி எடுப்பதுபோல், தாளை வைத்துப் பென்சிலால் மெல்ல உரைத்துப் படியெடு. சாய்ந்த ஒளியிற் படமும் எடு.

(4) கண்டதை மட்டும் எழுது. தேய்ந்த இலக்கத்துக்குப் புள்ளி வை. ஊகித்ததைத் தனியே குறி.

(5) மாற்றிய உறுப்பை ‘மாற்றியது’ என்றே எழுது. அதுவும் வரலாறே.

(6) தேடும் எண்ணை முழுதும் வெளியிடாதே. கடைசி இரண்டு இலக்கங்களை உன்னிடமே வைத்துக்கொள். மெய்யான வண்டி அவற்றைத் தானே சொல்லும்.

கண்ணாற் காண்பதும் பொய், காதாற் கேட்பதும் பொய், தீர விசாரிப்பதே மெய் என்பது நம் முன்னோர் வழக்கு. அவ்விசாரணைக்குச் செப்பேடும் சிலாசாசனமும் மட்டுமே உரியன என்று எண்ணவேண்டா. இராயபுரம் முதல் எண்ணூர் வரை உள்ள நம் கரையில் வார்த்தவரும் கடைந்தவரும் பொருத்தியவரும் பல்லாயிரவர். அவர்களுள் தம் பெயரைக் கல்லில் வெட்டிவைத்தவர் எவருமில்லை. அவர்கள் கை பட்டதற்கு அடையாளமாக நின்றவை உலோகத்தின்மேல் சுத்தியால் அடித்த சில இலக்கங்களே. அவற்றை உள்ளவாறு படிப்பதும், படித்ததை உள்ளவாறு எழுதிவைப்பதும், அடுத்துவருவார் படிக்கும் வண்ணம் அழியாமற் காப்பதும் கற்றோர் கடனாகும்.